மழைக்கு முன்னாலேயே பேசி வைப்போம்



இந்த மாதப் பாடம் இயற்கைப் பேரிடரைப் பற்றியது என்று கூட்டத்தில் சொன்னதுமே பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க்கா, கடலே இல்லாத ஊரு நம்மூரு. குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு நிக்கிறோம். நமக்கு எதுக்கு வெள்ளத்தைப் பத்திப் பாடம்?" எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்தாலும் கேள்வி நியாயமானது. ஏரியூர் பக்கம் கல்லும் கரடுமான மேட்டு நிலம். ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை என்று வானத்தை நம்பி விதைக்கிறவர்கள் நாம். புயல், வெள்ளம் என்றால் நாகப்பட்டினம், கடலூர் என்றுதான் நமக்கு நினைப்பு வரும்.

அந்த நினைப்பை மாற்றியது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்ததும் ஓய்ந்துவிடும் என்று நினைத்தார்கள். ஓயவில்லை. மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, போகிற வழியெல்லாம் கொட்டியது. டிசம்பர் 2 காலையில் அளந்தபோது, அதற்கு முந்தைய ஒரே நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்திருந்தது. நம் மாவட்டத்து அரூரில் 33 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரி 85 சென்டிமீட்டர் அளவுதான். வருஷ மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே நாளில்!

சென்டிமீட்டர் என்றால் பலருக்குப் புரிவதில்லை. இப்படிப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் 33 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது 13 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி 110 நடை வந்து கொட்டினால் எவ்வளவோ, அவ்வளவு. அதுவும் ஒரே ஒரு ஏக்கரில். ஊத்தங்கரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் பஸ்களையும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போனதை டிவியில் பார்த்தோமே, அது கடலோர ஊர் இல்லை. நம்மைப் போல வறண்ட ஊர்தான்.

வறண்ட ஊரில் திடீர் மழை வந்தால் ஆபத்து குறைவு இல்லை, கூடுதல். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஓடையை யாரும் ஓடையாகவே நினைப்பதில்லை. அதில் வழி போட்டிருப்போம், ஆடு கட்டியிருப்போம், ஓரத்தில் கொட்டாயும் போட்டிருப்போம். மண் இறுகிக் கிடப்பதால் பெருமழை உள்ளே இறங்காமல் அப்படியே ஓடையில் சேரும். மேலே கரட்டில் பெய்த மழை, இங்கே தூறல்கூட இல்லாதபோது வந்து நிற்கும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கக் கூடாது. வேகமாக ஓடுகிற தண்ணீர் அதற்கும் குறைவாக இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். கணுக்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஓடை இருக்கிற வீடுகள் இதை முதலில் சொல்லணும்.

ஆறு வேறு கணக்கு

அரூருக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நாகமரை, ஒட்டனூர், நெருப்பூர் பக்கத்து உறுப்பினர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வாசலில் இருந்து பார்த்தாலே மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். 1934-ல் கட்டி முடித்த அணை. முழுக் கொள்ளளவு 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. தண்ணீர் வற்றினால் அக்கரையில் பண்ணவாடிப் பக்கம், அணை கட்டியபோது மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும். வற்றிய நிலத்தில் நம்மவர்கள் சோளமும் ராகியும் விதைப்பார்கள். வண்டல் மண், உரமே வேண்டாம், நல்ல விளைச்சல். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயிருக்கும், தண்ணீர் ஓரத்தில் கட்டுகிற மாட்டுக்கும், மீன்பிடிக் கொட்டாய்க்கும் ஆபத்து எங்கிருந்து வருகிறது?

கர்நாடகத்தில் இருந்து. குடகிலும் வயநாட்டிலும் ஆடி மழை பிடித்தால் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பும். நிரம்பியதும் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி, ஒகேனக்கல்லில் விழுந்து, நம் கரைக்கு வருகிறது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சொட்டு மழை இருக்காது. தண்ணீர் மட்டும் ஏறும். 2018, 2019, 2022 ஆகிய மூன்று வருஷமும் ஆகஸ்ட் மாதத்தில் ஒகேனக்கல்லில் 2 லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது. 2024 ஜூலைக் கடைசியிலும் அணை நிரம்பியது. 2025-ல் ஆடி பிறப்பதற்கு முன்பே, ஜூன் 29-ம் தேதியே 120 அடியைத் தொட்டது. "ஆடிப்பெருக்குக்குத்தான் தண்ணி வரும்" என்ற கணக்கு இனிமேல் செல்லாது.

ஒரு கன அடி என்றால் விநாடிக்கு 28 லிட்டர். ஒரு லட்சம் கன அடி என்று ரேடியோவில் சொன்னால், கண் இமைக்கிற நேரத்தில் 230 டேங்கர் லாரித் தண்ணீர் நம்மைக் கடந்து போகிறது என்று அர்த்தம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. நிலநடுக்கம் போல இது சொல்லாமல் வருவதில்லை. கர்நாடக அணையில் திறந்த தண்ணீர் நம்ம பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பெருவெள்ளம் என்றால் இன்னும் சீக்கிரம் வரும். அந்த ஒரு நாள்தான் நம் கையில் இருக்கிற நேரம். ஜூன் முதல் அக்டோபர் வரை செய்தியில் மூன்றே மூன்று விஷயத்தைக் காதில் வாங்கினால் போதும்: கர்நாடக அணைகளில் எவ்வளவு திறந்தார்கள், பிலிகுண்டுலுவில் எவ்வளவு வருகிறது, மேட்டூர் எத்தனை அடி. சீரியலுக்கு நடுவில் ஐந்து நிமிஷம். குழுவில் ஒரு பெண் பிள்ளையை, பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையாகப் பார்த்து, தினமும் செல்போனில் பார்த்து எல்லோருக்கும் சொல்லுகிற பொறுப்பைக் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசின் டிஎன் அலெர்ட் செயலியில் மழை எச்சரிக்கை தமிழிலேயே வருகிறது.

பரிசல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். தண்ணீர் ஏறியதும் பரிசலை நிறுத்துவார்கள். சந்தைக்கோ கல்யாணத்துக்கோ அக்கரை போக வேண்டியிருக்கும், ரோட்டில் சுற்றிப் போனால் வெகுதூரம். "ஒரே ஒரு நடை விடுங்கண்ணா" என்று பரிசல்காரரைக் கெஞ்சுவது பெரும்பாலும் நாம்தான். கெஞ்ச வேண்டாம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இப்போது சொல்லப் போவதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமானது.

பேரிடர் பற்றிய நோட்டீஸ் எல்லாவற்றிலும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போவது போலப் படம் போட்டிருப்பார்கள். நம் ஊரில் அப்படியா இருக்கிறது? ராகி அறுத்ததும் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சிலர் திருப்பூர், சிலர் கேரளா. பல வீட்டில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளைகளும், நாலு ஆடும். ராத்திரி பத்து மணிக்குத் தண்டோரா போட்டு "மேட்டுக்குப் போங்க" என்று சொன்னால், அந்தப் பாட்டி என்ன செய்வார்? மகனுக்குப் போன் போடுவார். சிக்னல் இருக்காது. மகன் சொல்லாமல் வீட்டைப் பூட்டலாமா, ஆட்டை அவிழ்க்கலாமா, பெட்டியில் இருக்கிற நகையை என்ன செய்வது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

இது நம் கற்பனை இல்லை. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தை ஒரு பெரும்புயல் தாக்கியது. சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். ஏன் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, எச்சரிக்கை காதில் விழுந்தும், கணவர் வீட்டில் இல்லாதபோது கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் பல பெண்கள் வீட்டிலேயே காத்திருந்தது. பிறகு அந்த நாட்டில் எச்சரிக்கை சொல்லுகிற தொண்டர்களாகப் பெண்களையே ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். பெண் வந்து வாசலில் நின்று "கிளம்பும்மா" என்றால் பெண்கள் கிளம்புகிறார்கள். நம் நாட்டு ஒடிசாவையும் பாருங்கள். 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் புயலுக்கு முன்பே சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. புயலின் வலுவை யாரும் குறைக்கவில்லை. எங்கே போவது, யார் கூப்பிடுவது என்பதை முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் நாமும் ஊரில் எல்லோரும் இருக்கிற பொங்கல், திருவிழா நாட்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவோம். "நான் இல்லாதப்ப தண்ணி வந்தா, யாரையும் கேக்க வேணாம். பள்ளிக்கூடத்துக்குப் போயிடு. ஆட்டை அவுத்து விட்டுடு. போனாப் போகுது" என்று மகனோ கணவரோ தன் வாயால் பாட்டியிடம் சொல்லிவிடணும். இந்த ஒரு வார்த்தை, நூறு நோட்டீஸுக்குச் சமம். பெங்களூர் நம்பரை செல்போனில் மட்டும் வைக்காமல், சுவற்றில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். சார்ஜ் போன பிறகு செல்போனில் இருக்கிற நம்பரால் பயன் இல்லை. கூடவே ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077. செல்போனில் இருந்து கூப்பிட்டால் 1077-க்கு முன்னால் 04342 சேர்க்கணும்.

நடக்க முடியாத பெரியவர், நிறைமாதக் கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி இருக்கிற வீடு எது என்பது குழுவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டியவர் யார் என்பதை மட்டும் பெயர் சொல்லித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டோம். இது நமக்கே தெரிந்த விஷயம்.

டப்பா ஒன்று போதும்

ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமாக இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் பாஸ் புத்தகம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் மார்க் ஷீட், சாதிச் சான்று, ஆடு மாடு காப்பீட்டுத் தாள். எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் போட்டு டப்பாவில் வைத்து, வாசலுக்குப் பக்கத்தில், எட்டுகிற உயரத்தில் வைப்போம். பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தால் இருட்டில் தேடியே நேரம் போகும். ஒவ்வொரு தாளையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிட்டால் இங்கே நனைந்தாலும் அங்கே இருக்கும். டப்பாவோடு ஒரு டார்ச், தீப்பெட்டி, தினமும் சாப்பிடுகிற சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டிய அளவு, கூடக் கூடாது.

குழுவின் தீர்மான நோட்டும் பேரேடும் யார் வீட்டில் இருக்கிறது? ஊக்குநர் வீட்டில். அந்த வீடு ஓடை ஓரத்தில் இருந்தால்? பத்து வருஷ சேமிப்புக் கணக்கு ஒரு ராத்திரியில் கூழாகிவிடும். மாதா மாதம் கூட்டம் முடிந்ததும் சேமிப்பு, கடன் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு உறுப்பினர் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லை.

மின்னலும் ஆடும்

வெள்ளம் எப்போதோ வருவது. மின்னல் வருஷா வருஷம் வருகிறது. நம் நாட்டில் ஒவ்வொரு வருஷமும் 2,500 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலும் வயலில் நிற்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள்.

மின்னல் கண்ணில் பட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் நம்மைத் தாக்கும் தூரத்தில் இருக்கிறது. அப்போதே ஓட்டு வீடோ மாடி வீடோ பார்த்து உள்ளே போகணும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரணும். புளியமரம், வேப்பமரம், தனியாக நிற்கிற பனைமரம் எதன் அடியிலும் ஒதுங்கக் கூடாது. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் குத்த வைத்து உட்காருங்கள். படுக்காதீர்கள். நாலு பேர் இருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் விலகி உட்காருங்கள். கிணற்று மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்பது தப்பு. அவர் உடம்பில் கரண்ட் நிற்காது. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடணும்.

இங்கே ஒரு உறுப்பினரின் கதையைச் சொல்லணும். பேர் வேண்டாம். கோடை மழையில் புளியமரத்தடியில் நின்ற அவரது ஆடுகளில் இரண்டு மின்னலில் செத்துவிட்டன. இரண்டும் சினை ஆடு. வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும். அழுதபடியே அன்று சாயங்காலமே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். பிறகு யாரோ சொல்லி நிவாரணம் கேட்கப் போனால், "செத்ததுக்கு என்னம்மா அத்தாட்சி?" என்று கேட்டிருக்கிறார்கள். மண்ணைத்தான் காட்ட முடியும். குழுக் கடனில் வாங்கிய ஆடுகள். அசலும் வட்டியும் மட்டும் மிச்சம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் வெள்ளத்துக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் பசுவுக்கும் எருமைக்கும் ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100, சேதமான குடிசைக்கு ரூ.10,000, மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500 என்று இருந்தது. ஆட்டின் சந்தை விலைக்கு ரூ.4,000 எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எங்களுக்கும் அதே வருத்தம்தான். ஆனாலும் இரண்டு ஆட்டுக்கு ரூ.8,000 என்பது, கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்கிற பணம். அதற்கு அத்தாட்சி வேணும். கால்நடை செத்தால் புதைப்பதற்கு முன் மூன்று வேலை. காது வில்லை தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். கால்நடை டாக்டரை வரச் சொல்லி சான்று வாங்குங்கள். காப்பீடு செய்திருந்தால் காதில் வில்லை இல்லாமல் பணம் தர மாட்டார்கள். வில்லை விழுந்துவிட்டால் அன்றே சொல்லி வேறு போட்டுக்கொள்ளணும். வீடு இடிந்தாலும் அப்படித்தான். மண்ணை அள்ளி ஒழுங்கு பண்ணுவதற்கு முன் படம் எடுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், வெள்ளம், ஆலங்கட்டி மழை போன்றவற்றால் பயிர் போனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். மூன்று நாள் என்பது அழுது முடிப்பதற்குள் போய்விடும்.

மெதுவாக வரும் பேரிடர்

வறட்சியை நாம் பேரிடர் என்றே நினைப்பதில்லை, பழகிவிட்டது. ஆனால் நம் மண்ணில் அதிக உயிரைத் தின்றது வறட்சிதான். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் அவர்களுடைய பாட்டிமாரிடம் கேட்டிருப்பார்கள். அப்போது நாம் சேலம் ஜில்லா. அண்மைக்கு வந்தால் 2016. வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் மாட்டை என்ன விலைக்கு விற்றோம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே சந்தைக்கு ஒரே வாரத்தில் ஓட்டிப் போனால் வியாபாரி வைத்ததுதான் விலை.

ஆகவே கார்த்திகைக் கடைசியில் கிணற்றை எட்டிப் பார்த்துவிடுவோம். தண்ணீர் ஏறவில்லை என்றால் மே மாதம் வரை காத்திருக்காமல், தை மாதத்திலேயே கிடாக்களையும் கறவை நின்ற மாட்டையும் விற்று, சினை மாட்டையும் பால் மாட்டையும் காப்பாற்றணும். சோளத்தட்டும் ராகித்தாளும் விலை குறைவாக இருக்கும்போதே போர் போட்டுக்கொள்ளணும். ராகியை முழுசாக விற்றுவிட்டு ரேஷன் அரிசியை மட்டும் நம்ப வேண்டாம். ராகி மாதிரி பூச்சி அரிக்காமல் வருஷக்கணக்கில் இருக்கிற தானியம் வேறு இல்லை. நம் பெரியவர்கள் குதிரில் கொட்டி வைத்தது சும்மா இல்லை.

தண்ணீரில் ஒரு விஷயம் கவனிக்கணும். நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, முட்டி வலி, முதுகு வளைவது எல்லாம் அதனால்தான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, குழாய் உடைந்தாலோ, நாம் மறுபடி பழைய போர் தண்ணீருக்குப் போகிறோம். "காய்ச்சிக் குடி" என்று எல்லோரும் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். அதனால் மழை பெய்யும்போது சுத்தமான கூரையில் முதல் பத்து நிமிஷத் தண்ணீரை விட்டுவிட்டு, அடுத்த தண்ணீரை மூடி போட்ட பேரலில் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாக வைப்போம். அதைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

குழு என்ன செய்யணும்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அந்த நாளில் இருந்து குழுவின் பலம் ஒன்றுதான்: ஆபத்துக்கு வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் இருப்பது. ஆனால் ஆபத்து வந்த பிறகு அவசரக் கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, பேங்க் திறக்கும் நாள் பார்த்துப் பணம் எடுப்பதற்குள், உறுப்பினர் வாரக் கடன்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை.

எங்கள் யோசனை இது. சேமிப்பில் ஒரு சிறு பகுதியை அவசரக் கடனுக்கு என்று ஒதுக்குங்கள். எவ்வளவு என்பதைக் குழுதான் முடிவு செய்யணும். வெள்ளம், தீ, மின்னல், வீடு இடிதல் என்றால் ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு மறுநாளே கொடுக்கலாம், முதல் இரண்டு மாதம் தவணை கேட்பதில்லை என்று இப்போதே தீர்மானம் எழுதி வைத்துவிடுங்கள். நலிந்த குடும்பங்களுக்காக ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருக்கிற நிதியில் இதற்கு இடம் உண்டா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் டப்பாவில் போடுகிற தாள்களைக் கையோடு கொண்டு வாருங்கள். செல்போன் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுடையதையும் படம் எடுத்துக் கொடுங்கள். பாட்டிகளையும் அழைத்து வாருங்கள், உறுப்பினராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த வீட்டை யார் கூப்பிடுவது, எந்தக் கட்டடத்துக்குப் போவது, அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அன்றே பேசி எழுதிவிடுவோம். சாவி விஷயத்தை மறந்துவிட வேண்டாம். ராத்திரியில் பள்ளிக்கூடம் பூட்டித்தான் இருக்கும். நாகமரை, ஒட்டனூர், நெருப்பூர்ப் பக்கத்துக் குழுக்கள் இதை மே மாதக் கூட்டத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மற்ற குழுக்கள் புரட்டாசிக்குள் முடித்து, தீர்மான நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.